தேயிலை நிரையில் ஓர் உளவாளி

கோடி கோடியாகக் கொட்டி எடுத்த உளவாளிப் படம் ஒன்று ஓடுகிறது என்றால் இன்றைக்கும் நான் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எழுதுகிறவளாயிற்றே, இதையெல்லாமா பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிடித்த மெதுவான படங்களையும் நான் பார்ப்பேன், அவை நல்ல படங்கள்தான். ஆனால் கோட்டும் சூட்டுமாக ஒரு மனிதன் ஹெலிகொப்டரின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்றால், அடுப்பில் பருப்பு அடிபிடித்தாலும் எனக்குத் தெரியாது. இதற்கெல்லாம் வெட்கப்படுகிற வயது தாண்டிவிட்டது.

துப்பாக்கிச் சண்டைக்காகவா என்றால் இல்லை. தொண்ணூறுகளில் இலங்கையின் மலைநாட்டில், எங்கள் பக்கம் வளர்ந்தவர்கள் துப்பாக்கியைப் படத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, பஸ்ஸில் ஏறினால் போதும். எனக்குப் பிடித்தது வேறு. அந்த மனிதன் போகிற இடத்தில் எல்லாம் கதவு திறக்கிறது. பெரிய ஹோட்டல் வாசலில் நிற்பவன் அவனைப் பார்த்துக் குனிகிறான். எல்லையில் நிற்கிற சிப்பாய் ஏதோ கேட்கிறான், இவன் ஒரு சிரிப்புச் சிரிக்கிறான், அவ்வளவுதான், போகச் சொல்லிவிடுகிறார்கள். பையைக் கொட்டச் சொல்வதில்லை. ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. கினிகத்தேனையைத் தாண்டிக் கொழும்புப் பக்கம் போய் வந்த எங்கள் ஆட்களுக்கு, வெடித்துச் சிதறுகிற கப்பலைவிட அந்தச் சிரிப்புத்தான் பெரிய அதிசயமாக இருந்தது. படம் எடுத்தவர்கள் கப்பலுக்குத்தான் காசைக் கொட்டியிருப்பார்கள், பாவம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஹட்டனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில். தொண்ணூறுகளின் கடைசி. பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அம்மாவோடு கொழுந்து பறிக்கச் சேர்ந்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராப் பெண்ணும் நானும் அம்மாவிடம் கோயிலுக்கு என்று பாதியும் படத்துக்கு என்று மீதியும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். தமிழ்ப் படம் ஓடுகிறது என்று நம்பிப் போய் டிக்கட்டும் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது ஆங்கிலப் படம். திரும்பி வர மனமில்லை. வெளியே மழை வேறு.

எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. காப்பாற்றியவர் பின் வரிசையில் இருந்த ஒரு வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர், நான் கணக்கில் எப்படி என்று நன்றாகத் தெரிந்தவர். கண்டுகொள்வாரோ என்று நான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ பக்கத்தில் இருந்த மனைவிக்குப் படத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவருக்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஆகையால் பாதித் தியேட்டருக்கு அவர்தான் படம் காட்டினார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர் தன் அறையில் தோடம்பழம் உரித்துக்கொண்டே உளவாளியிடம் வேலையைச் சொல்கிறார். பனி விழுகிற ஒரு தேசத்துக்குப் போய்ச் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கி வர வேண்டும். அதில் என்ன இருந்தது என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை, வாத்தியாருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பழத்தின் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு பெரியவர் ஏதோ சொன்னார். பின்னாலிருந்து வாத்தியார் சொன்னார்:

"பிடிபட்டியெண்டால் நீ ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது எண்டுறார்."

உளவாளி தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நான் இமைக்கவில்லை. படகில் துரத்தினார்கள், ரயிலின் கூரையில் ஓடினான், விருந்தில் ஆடினான், இடையில் மூன்று தேசம் மாறினான். எங்கள் குளிரைவிடப் பெரிய குளிரில் ஒரு மெல்லிய கோட்டோடு நின்றவன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. வெளியே வந்தபோது ஹட்டன் டவுண் முழுக்க எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. பஸ்ஸில் நான் யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன், யாரோ பின்தொடர்வதுபோல அடிக்கடி திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாராவது படம் பார்த்தால் திங்கட்கிழமையிலிருந்து அதை நிரையில், தேயிலைச் செடி வரிசையில் நின்று, சொல்ல வேண்டும். பார்த்தவள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, அது பெரிய கஞ்சத்தனம். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆளுக்கொரு நிரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவோம். கதை சொல்கிறவள் நடு நிரையில். வாய் வேலை செய்தால் கை கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும். அதனால் பக்கத்து நிரைக்காரிகள் அவ்வப்போது ஒரு பிடி கொழுந்தை எட்டி அவள் கூடையில் போடுவார்கள். கதை நன்றாக இருந்தால் அன்றைக்கு அவளுக்கு நிறை குறையாது. மோசமாகச் சொன்னால் கூடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் கங்காணியும் இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். வாய் ஆடட்டும், கை நிற்கக் கூடாது என்பார், சொல்லிவிட்டு அவரும் காது கேட்கிற தூரத்திலேயே நின்றுகொள்வார்.

திங்களும் செவ்வாயும் நான் உளவாளியின் கதையைச் சொன்னேன். வாத்தியார் சொல்லிக் காதில் விழுந்தவற்றை அப்படியே சொன்னதில் வழுக்கைத் தலைப் பெரியவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மறுபடி மறுபடி அவரைப் பேசவைக்கச் சொன்னார்கள். விளங்காத இடங்களில் நானே வசனம் எழுதினேன். என் எழுத்து வேலை தொடங்கியது அங்கேதான் என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் பின்னேரம் கொழுந்து நிறுக்கப் போகிற நேரம், உளவாளி பிடிபட்டு ஒரு பனிக்கட்டிக் கிடங்கில் அடைக்கப்பட்ட இடத்தில் கதையை நிறுத்தினேன். வேண்டுமென்றேதான். அந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் கூடை நிறையும் என்று எனக்குத் தெரியும்.

அன்று வேலை முடிந்து லயத்துக்கு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை செய்த என் அண்ணனைப் பொலிஸ் பிடித்துப் போய்விட்டது என்று செய்தி வந்திருந்தது. அவனோடு வேலை செய்த பையன் டவுண் கடைக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தான். கடை முதலாளி இவன் அங்கே தங்கியிருப்பதைப் பொலிஸில் பதிந்து வைக்கவில்லை. தமிழன், கடையின் மேல்தட்டில் படுத்திருக்கிறான், பதிவு இல்லை. அந்த நாட்களில் சந்தேகப்பட அது போதும். கொண்டுபோனது எந்த நிலையத்துக்கு என்பது தெரிந்தது, எப்போது விடுவார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அப்பா இறந்த பிறகு வீட்டைத் தாங்கியவன் அவன்தான். அம்மா அழவில்லை. பானையில் தண்ணீர் பிடித்து வைத்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள், பிறகு பற்றவைத்த அடுப்பை மறந்துவிட்டாள்.

புதன்கிழமை அம்மா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்றாள். நிரையில் கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. கங்காணிகூட அன்று யாரையும் அதட்டவில்லை. பாதி மலை ஏறியிருப்போம். பக்கத்து நிரையிலிருந்து அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, வாயில என்னா கொழுக்கட்டையா? புடிச்சு வச்சாங்கன்னு சொல்லி நிறுத்துனீல்ல. அந்தக் கதையச் சொல்லு."

வேண்டாம்மா என்றேன். அவள் ஒரு பிடி கொழுந்தை எட்டி என் கூடையில் போட்டாள். அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

கிடங்கில் அவனை நாற்காலியில் கட்டி வைத்துச் செய்ததை எல்லாம் நான் விட்டுவிட்டேன். கட்டி வைத்தார்கள், கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் அடுத்து வருவதை விட்டால் கதை நகராது. பிடித்தவர்கள் அந்த வழுக்கைத் தலைப் பெரியவருக்குப் போன் எடுக்கிறார்கள், இவன் உங்கள் ஆளா என்று கேட்கிறார்கள். அவர் தோடம்பழத்தை உரித்துக்கொண்டே அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது என்கிறார். இந்த முறை யாழ்ப்பாணத் தமிழுக்கு யாரும் சிரிக்கவில்லை. பெண்களுக்கு ஆத்திரம் பொங்கியது. சோறு போட்டு வளர்த்தவன் மாதிரி அனுப்பி வைத்துவிட்டு இப்படியா சொல்வான் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அம்மாவின் கை நின்றுவிட்டது. அவள் திட்டவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள்.

"அது எப்புடி தெரியாதுன்னு சொல்லுவான்? ஒரு வார்த்த, ஆமா நம்ம ஆளுதான்னு சொன்னா விட்டுருவாங்க தானே?"

படத்தில் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். மீதியை அவசர அவசரமாக முடித்தேன். அவனாகவே கட்டை அவிழ்த்தான், கூரையிலிருந்து பாய்ந்தான், கப்பலைக் கொளுத்தினான், பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான், பெரியவர் கை நீட்டினார், இவனும் கை கொடுத்தான். கை கொடுத்ததைப் பெண்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் தப்பாகப் பார்த்துவிட்டு வந்திருப்பேன் என்று முடிவு செய்தார்கள். அம்மா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மனம் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டிருந்தது.

கிழமையில் ஒரு நாள் பின்னேரம் தொரை, அதாவது தோட்டத்து மனேஜர், ஆபீஸில் இருந்து ஆட்களின் குறைகளைக் கேட்பார். அடுத்த நாள் அந்த நாளாக இருந்தது. அம்மா முகம் கழுவி, வெளுத்த சேலை உடுத்தி, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கென்று வழியில்தான் சொன்னாள். தொரை கொழும்புக்கு ஒரு போன் போட்டு, அவன் நம்ம ஆள் என்று சொன்னால் விட்டுவிடுவார்களாம்.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். ஒரு தேயிலைத் தோட்டத்து மனேஜருக்கும் கொழும்புப் பொலிஸுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். எங்கள் கூரைக்குத் தகரம் வேண்டுமென்றால் தொரை சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு லொறி வேண்டுமென்றால் தொரை சொல்ல வேண்டும். பைப்பில் தண்ணீர் வருவதும் வராததும்கூட அவர் வார்த்தைதான். அம்மாவின் உலகத்தில் அவருக்கு மேலே ஓர் ஆள் இருந்ததில்லை. அந்த வார்த்தை தோட்டத்துக் கேட்டோடு முடிந்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படத்துக்காரப் பெரியவருக்குத்தான் மனமில்லை, நம் தொரைக்கு மனம் இருக்கும் என்று நம்பி நடந்தாள்.

ஆபீஸ் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். தொரை சிங்களவர், நல்ல மாதிரி, தோட்டத்துத் தமிழ் பேசுவார். அம்மா மூன்று தலைமுறைக் கதையைச் சொன்னாள். அண்ணன் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததைச் சொன்னாள், அவனுடைய தாத்தா இந்த மலையை வெட்டித் திருத்தியதைச் சொன்னாள். தொரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அவன் இப்ப நம்ம தோட்டத்துல வேல செய்றது இல்ல தானே. செக்ரோல்ல பேர் இல்லாத ஆள நம்ம ஆள்னு நான் எப்புடிச் சொல்றது?"

கிராம சேவகரிடம் போய்க் கடிதம் வாங்கச் சொன்னார், கொழும்புக்குப் போக லீவு தருவதாகவும் சொன்னார். கோபமாகவே பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அவர் கத்தியிருந்தால் மனம் ஆறியிருக்கும். மேசையில் தோடம்பழம் இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் இன்றைக்கு எனக்கு வரவில்லை. அவருடைய வார்த்தை எவ்வளவு தூரம் செல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிப் பார்த்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது அம்மா முன்னால் நடந்தாள். பெரட்டுக்களம், காலையில் எங்களுக்கு வேலை பிரிக்கிற இடம், அதைத் தாண்டியதும் நின்றாள்.

"படத்துல வந்தவனும் இதத்தான் சொன்னானா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ நாமளே போவோம்."

போனோம். கிராம சேவகரின் கடிதம், பிறப்புப் பத்திரம், இவற்றுக்கே ஒரு கிழமை அலைந்தோம். பிறகு ஹட்டனில் ரயில் ஏறினோம். அம்மா கண்டிக்கு அப்பால் போனதே இல்லை. ஒரு துணியில் ரொட்டியும் மாசிச் சம்பலும் பொதி செய்து வைத்திருந்தாள், மடியை விட்டு அதை இறக்கவே இல்லை. யன்னலுக்கு வெளியே மலை இறங்க இறங்க வியர்க்கத் தொடங்கியது. உளவாளி மூன்று தேசம் மாறியபோது ஒரு சட்டைதான் மாற்றினான். நாங்கள் ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு ரயில் பயணம் போய் இறங்குவதற்குள் எத்தனை தடவை எத்தனை பேரிடம் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று சொல்லிவிட்டோம். சிரித்தும் பார்த்தேன். பலிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தின் மதிலோரம் எங்களைப் போலவே பெண்கள் இருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள், எங்கள் பக்கத்துக்காரர்கள், எல்லோர் மடியிலும் ஒரு பொதி. வெயில் மதிலைச் சுற்றி வந்தது, நாங்களும் நிழலைத் தேடி மதிலைச் சுற்றினோம். கடைசியில் ஓர் ஆள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், அம்மாவுக்குத் தோட்டத்துக் கடையில் சாமான் வாங்குகிற அளவுதான். நான் போகிறேன் என்றேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வெளியே நின்றேன். ஒருவேளை அழைத்துக்கொண்டே வந்துவிடுவாளோ என்று ஒரு மூளை கெட்ட நம்பிக்கை. படம் பார்த்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். எந்தச் சுவர் உடையும், எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா போன வழியாகவே தனியாக வந்தாள். பொதி கையில் இல்லை. இளைத்துவிட்டான் என்றாள். என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, ஒன்றும் வாயில் வரவில்லை, நீ சொன்ன படத்துக் கதையைச் சொன்னேன் என்றாள். கிடங்கில் அடைத்து வைத்திருந்த ஒருவன் வெளியே வந்துவிட்டான் என்று சொன்னாளாம். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் அது என்ன பேச்சு என்று கேட்டாராம். சினிமா என்று சொன்னதும் சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு ஹட்டன் வரும் வரைக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சில மாதங்கள் கழித்து, குற்றம் எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் அண்ணனை விட்டார்கள். ஒரு பொலிதீன் பையோடு ரோட்டிலிருந்து மேலே நடந்து வந்தான். எங்கள் லயமே வாசலில் நின்றது. அவன் எல்லோரிடமும் சுகம் கேட்டான், சாப்பிட்டான், படுத்தான். உள்ளே நடந்தது எதையும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. கொழும்பு வேண்டாம் என்றான். கினிகத்தேனையில் ஒரு மரக்கறிக் கடையில் சேர்ந்தான், பிறகு அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். நானும் கொழுந்தை விட்டு ஹட்டனுக்கு வேலைக்குப் போனேன், எழுதத் தொடங்கினேன். காலம் அது பாட்டுக்கு ஓடியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு லயத்துக்கு லயம் டிவி வந்தது. ஒரு தீபாவளியன்று பின்னேரம் எல்லோரும் அம்மாவின் காம்பராவில் கூடியிருந்தோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். டிவியில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். நான் துள்ளி எழுந்துவிட்டேன். அதே படம், தமிழில் குரல் கொடுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது பெரியவர் சென்னைத் தமிழில் பேசினார். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இவன் யாழ்ப்பாணத்து ஆள்தானே, ஏன் இப்படிப் பேசுகிறான் என்று கேட்டாள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அம்மா அன்றைக்கு வந்து சொன்ன படம் இதுதானா என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனான்.

அடுத்து வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். மலையில் அம்மாவுக்காக நான் விட்டுவிட்டுப் போன காட்சி. பனிக்கட்டிக் கிடங்கு வந்ததும் வேறு சனல் போடுவோம் என்று எழுந்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னான். உளவாளியை நாற்காலியில் கட்டினார்கள். பெயரைச் சொல் என்று அடித்தார்கள். உதட்டில் இரத்தத்தோடு அவன் சிரித்தான், சொல்லவில்லை. மறுபடி அடித்தார்கள், மறுபடி சிரித்தான். பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஹட்டனில் நாங்களும் இதே இடத்தில்தான் கை தட்டினோம். இவ்வளவு செலவு செய்து எடுத்த படத்திலேயே பெரிய வீரம் இதுதான், என்ன செய்தாலும் பெயரைச் சொல்லாமல் இருப்பது.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். யாரிடமும் சொல்வதுபோல இல்லை.

"இவன் சொல்ல மாட்டேங்குறான். நான் மொத அடி விழுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். என் பேரு, அப்பா பேரு, தோட்டம், லயம், எல்லாத்தையும். அது உன் பேரு இல்ல, நெசப் பேரச் சொல்லுன்னாங்க. தெனமும் அதே கேள்வி. தெனமும் அதே பதில். போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சு, இதுதான் நம்ம பேரான்னு."

பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தரையைப் பார்த்தாள், அவளுக்கும் இது புதிது என்று தெரிந்தது. அத்தனை வருடம் நாங்கள் கேட்கப் பயந்தது இதுதான், அடியைவிட மோசமானது. கட்டிலில் இருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"நான் வந்து என்னத்தக் கண்டேன். உன்ன அங்கேயே விட்டுட்டு வெறுங்கையோட தானே திரும்புனேன்."

டிவியில் உளவாளி கட்டை அவிழ்த்துவிட்டான். கூரையில் ஓடினான். அண்ணன் இப்போது அதைப் பார்க்கவில்லை, அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தான்.

"நீ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டீல்ல. இந்த மலைக்கும் அந்த மலைக்கும் கேக்குற மாதிரி. பொலிஸ்காரன்கூட பயந்துட்டான். அப்போதான் எனக்கு உறுதியாச்சு."

நான் அழுதேன். மறைக்கவும் இல்லை. டிவிக்குள் கப்பல் வெடித்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மாவுக்கு இதில் என்ன பெரிய விசயம் இருக்கிறது என்று விளங்கவில்லை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்ன, பெத்த புள்ளய வேற எப்புடிக் கூப்புடுறது?" என்றாள்.